முருகேசன் என்று கூப்பிட்டார்கள்

ஓடுகிறேன். பின்னால் சுடுகிறார்கள்.

"ஓடு மச்சான்! நிக்காத! ஓடு!"

கத்துகிறவன் கோவிந்தன். என் தங்கை லட்சுமியின் புருஷன். எனக்குப் பின்னால் வருகிறான். முதல் சத்தம் பட்டாசு போல இருந்தது. இரண்டாவது சத்தத்தில் வலப்பக்கப் பாறையிலிருந்து சில்லு தெறித்தது. மூன்றாவதை நான் கேட்கவில்லை. காதுக்குள் என் மூச்சுதான் கேட்கிறது. தெலுங்கில் கத்துகிறார்கள். "ஆகரா! ஆகரா!" நில்லுடா என்று அர்த்தம். நிற்கவில்லை.

மாசி மாதம். திங்கட்கிழமை. பகல் பதினொன்றரை. எல்லை தாண்டிய காடு.

பின்னால் ஆள் விழுகிற சத்தம். "மச்சான்!" என்று ஒரே ஒரு கூப்பாடு. திரும்பிப் பார்த்தேன். கோவிந்தன் குப்புறக் கிடந்தான். கால் வேரில் மாட்டியிருந்தது. கையை நீட்டினான். எனக்கும் அவனுக்கும் நடுவில் இருபது அடி. காக்கி உடுப்புக்காரர்கள் அவனுக்கு அறுபது அடி பின்னால். போய்த் தூக்கியிருக்கலாம். கணக்குப் போட நேரம் இருந்தது. போட்டேன். ஓடிவிட்டேன்.

இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். பின்னால் வருவது இதைவிடக் கேவலம்.

என் பெயர் வெங்கடேசன். சொந்தப் பெயர்தான். ஜவ்வாது மலையில், காவலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆறு கிலோமீட்டர் நடந்தால் எங்கள் ஊர். காவலூரில் வானத்தைப் பார்ப்பதற்குப் பெரிய கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அதற்குத் தார் ரோடு உண்டு. எங்களுக்கு மண் பாதை. நாங்கள் மலையாளிகள். கேரளாக்காரர்கள் இல்லை. மலையை ஆள்கிறவர்கள் என்று அர்த்தம் சொல்வார்கள். ஆண்ட லட்சணத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்து பேர் போனோம். செம்மரம் வெட்ட. யாரும் எங்களை ஏமாற்றிக் கூட்டிப்போகவில்லை. வீட்டில் கட்டட வேலை என்று சொன்னோம். எங்களுக்குத் தெரியும். சாமை அந்த வருஷம் பதராகப் போயிருந்தது. அதே பதரை வைத்துக்கொண்டு ஊரிலேயே உட்கார்ந்திருந்தவர்கள்தான் அதிகம். அவர்களையும் கீழே பஸ்ஸில் பார்த்தால் கட்டைக்காரன், மரத்திருடன் என்கிறார்கள். அந்தப் பேரை அவர்களுக்கு வாங்கிக்கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

பாறை இடுக்கில் படுத்திருக்கிறேன். கீழே அடிக்கிறார்கள். பார்க்கவில்லை. கேட்கிறேன். தடி துணிமேல் பட்டால் ஒரு சத்தம். தோல்மேல் பட்டால் வேறு சத்தம். எண்ணினேன். எதற்கு எண்ணினேன் என்று தெரியாது. நாற்பத்து மூன்று. அதற்குமேல் எண்ணவில்லை. அவர்கள் நிறுத்தவில்லை, நான்தான் நிறுத்தினேன். கோவிந்தன் முதலில் அம்மாவைக் கூப்பிட்டான். பிறகு என்னை. பிறகு யாரையும் கூப்பிடவில்லை.

ஒரு விசில். வேறு பக்கம் யாரையோ துரத்திக்கொண்டு ஓடுகிற சத்தம். வண்டி கிளம்புகிற சத்தம். எங்களோடு வந்த மூன்று பேரை அதில் ஏற்றிப் போனார்கள் என்று பிறகு தெரிந்தது. எல்லாம் அடங்கியும் நான் வெளியே வரவில்லை. இரண்டு மணி நேரம். செல்போனில் மணி பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

கோவிந்தன் தண்ணீர் வற்றிய ஓடைக்குள் தவழ்ந்து போயிருந்தான். இரண்டு தொடையும் வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. முதுகு முழுக்கத் தடித்த கோடுகள். என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான்.

"நீ தப்பிச்சிட்ட இல்ல? அது போதும்" என்றான்.

திட்டியிருக்கலாம். இன்று வரைக்கும் அதற்காக ஏங்குகிறேன்.

நடந்தோம். அவன் பாதி எடை என் தோளில். தண்ணீர் கிடையாது. செவ்வாய்க்கிழமை காலை ஒரு மரத்தடியில் ஒன்றுக்குப் போனான். நான் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம்தான் வந்தது. கடுங்காப்பி நிறம். இரண்டு பேரும் பார்த்தோம்.

"வெயிலு" என்றான்.

"ஆமா, வெயிலு" என்றேன்.

அன்று சாயங்காலம் தக்காளி லாரி ஒன்று ஏற்றிக்கொண்டது. புதன்கிழமை காலை எட்டரைக்கு அடிவாரத்து ஊர் ஒன்றில் அரசு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். ஊர்ப் பெயர் எழுதவில்லை. அந்த ஆஸ்பத்திரி ஒரு தப்பும் செய்யவில்லை.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காட்டில் அடிபட்டு வருகிறவன் ஆஸ்பத்திரிக்குப் போனால் உண்மைப் பெயர் சொல்லக் கூடாது. உண்மை ஊரும் சொல்லக் கூடாது. எப்படி அடிபட்டது என்றால், தேன் எடுக்கப் பலா மரத்தில் ஏறி வழுக்கி விழுந்தது. முந்தின வருஷம் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் ஒடிந்த காலோடு போய் உண்மையைச் சொன்னான். கட்டிலில் வைத்தே விலங்கு மாட்டினார்கள். கட்டும் போடவில்லை என்று பேச்சு. உண்மையோ இல்லையோ, பேச்சு மலை பூரா பரவியது. அதற்குப் பிறகு பொய் எங்களுக்குப் பாடமாகிவிட்டது. சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும். பலா மரம், தேன், வழுக்கினது.

வாசலில் வாட்ச்மேன்.

"இன்னாடா, மலையா? கட்டையா?"

சிரிக்கிறான். பக்கத்திலிருந்தவர்களும் சிரிக்கிறார்கள். உள்ளே நீள பெஞ்சில் மூன்று பேர் எழுந்துகொண்டார்கள். இடம் கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள். மூன்று நாள் வேர்வையும் ரத்தமும். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் கோவிந்தன் தலையைக் குனிந்துகொண்டான். அதைப் பார்த்ததும் இங்கே எவனிடமும் எதுவும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

சீட்டு எழுதுகிற இடத்தில் நான்தான் பேசினேன். கோவிந்தன் பெயர் முருகேசன். ஊர் கண்ணமங்கலம் பக்கம். போன் நம்பரில் கடைசி எண்ணை மாற்றிச் சொன்னேன். திக்காமல் சொன்னேன். கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். எங்களை "வாங்க" என்றார். அந்த வார்த்தையை ஆஸ்பத்திரியில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. லுங்கியை விலக்கித் தொடையைப் பார்த்தார். அழுத்தினார். கோவிந்தன் பல்லைக் கடித்தான்.

"எப்டி ஆச்சு?"

"பலா மரத்துல ஏறி வுழுந்துட்டாருங்க. தேனு எடுக்க."

"மரத்துல இருந்து வுழுந்தா கோடு கோடாவா வீங்கும்?"

நான் லுங்கியை இழுத்துத் தொடையை மூடினேன்.

"யூரின் எப்டி போவுது? கலர் இன்னா?"

கோவிந்தன் வாயைத் திறந்தான். சொல்லத்தான் திறந்தான். அவன் கண்ணில் அது தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"நல்லாத்தான் போவுதுங்க."

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடி போட்டவர். அவர் கதவைச் சாத்தினார். டாக்டர் நாற்காலியைக் கட்டில் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நான் போலீஸ் இல்லீங்க. கேஸ் எழுதறது வேற, வைத்தியம் வேற. மொதல்ல ஆளு பொழைக்கணும். அடிச்சாங்களா?"

"இல்லீங்க. மரம்தான்."

இரண்டாம் தடவை கேட்டார். மரம் என்றேன். மூன்றாம் தடவை கோவிந்தனைப் பார்த்துக் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் லேசாகத் தலையை ஆட்டினேன். "மரம்தாங்க" என்றான்.

ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் மத்தியானம் வரும், அதுவரைக்கும் போகாதீர்கள், படுக்கை போடுகிறேன், குளுக்கோஸ் ஏற்றணும் என்றார் டாக்டர். அவசரமாகச் சொன்னார். யாருக்கோ போன் செய்யப் போனார். எனக்கு அந்த அவசரமே பிடிக்கவில்லை. போலீஸுக்குத்தான் போன் போகிறது என்று நினைத்தேன்.

பத்தே முக்காலுக்கு ஒரு போலீஸ்காரர் வராண்டாவில் வந்தார். பைக் ஆக்சிடென்ட் கேஸ் ஒன்றுக்காக. கையில் பேப்பர், மறு கையில் டீ. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பார்த்தது சட்டையை மட்டும்தான். கோவிந்தனைத் தூக்கி நிறுத்தினேன். "நடக்க முடியல மச்சான்" என்றான். இழுத்தேன். பின்பக்கக் கேட் வழியாக வெளியே வந்தோம்.

மருந்துக்கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்கினேன். ஒன்று போடச் சொன்னார்கள். வலி அதிகமாயிற்றே என்று இரண்டு இரண்டாகக் கொடுத்தேன். காவலூர் பஸ். ஜன்னல் ஓரம் அவனை உட்கார வைத்தேன். காவலூரிலிருந்து இரண்டு பேரைப் பிடித்து, போர்வையில் கட்டி மூங்கிலில் தூக்கி வந்தோம்.

வியாழக்கிழமை. ஒன்றுக்கே போகவில்லை. முகம் உப்பிவிட்டது. கண் கோடாகச் சுருங்கிவிட்டது. வாந்தி. லட்சுமி அவன் தலைமாட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. அவளிடம் யாரும் மரத்துக் கதை சொல்லவில்லை. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டாள்.

"அண்ணா, ஆஸ்பத்திரிக்கே திரும்பக் கூட்டிம் போயிடலாம். ஜெயில்ல போட்டா போடட்டும். ஜெயில்ல இருந்தா போயி பாத்துட்டாவது வரலாம்."

"நாளைக்கி பாக்கலாம்" என்றேன்.

நாளை வெள்ளிக்கிழமை. அதுவும் வந்தது.

டங். டங். டங். டங்.

பாதை வளைவில் மரத்தில் ஒரு தகரம் கட்டியிருக்கிறோம். காட்டுப்பன்றி விரட்டக் கட்டியது. இப்போது காக்கி வந்தாலும் அதைத்தான் தட்டுகிறோம். நான்கு தட்டு. மணி பத்து நாற்பது.

"ஜீப்பு! ஜீப்பு வருது! காக்கி!"

ஊர் கலைகிறது. முப்பத்தெட்டு வீடு. அடுப்பில் உலை கொதிக்கக் கொதிக்க விட்டுவிட்டு ஓடுகிறார்கள். பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஒன்பது மாதப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி ஓடுகிறாள். இழுத்து இழுத்து இருமுகிற கிழவர் ஓடுகிறார். எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். ஓடிப் பழகிவிட்டோம்.

போர்வையோடு கோவிந்தனைத் தூக்கினேன். மறுமுனையை லட்சுமி பிடித்தாள். அவள் பிள்ளைகள் இரண்டையும் பக்கத்து வீட்டுக்காரி இழுத்துக்கொண்டு ஓடினாள். உண்ணிச்செடிப் புதருக்குள் புகுந்தோம். முள் கிழிக்கிறது. கடைசி வீட்டிலிருந்து நூறு அடிகூட இருக்காது. அதற்குமேல் தூக்க முடியவில்லை. அவனைக் கீழே வைத்து, பக்கத்தில் குப்புறப் படுத்தோம்.

ஜீப் நிற்கிறது. கதவு திறக்கிற சத்தம். இரண்டு தடவை. இலை இடுக்கில் பார்த்தேன். காக்கிச் சட்டை, காக்கி பேண்ட் போட்ட ஒரு ஆள். அவன் பின்னால் ஒரு பெண். கையில் ஒரு ஃபைல். கண்ணாடி.

கண்ணாடி. பார்த்தேன். நர்ஸம்மா. தெரிந்தது. தெரியவில்லை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். இங்கே சொல்லவில்லை. தெரிந்தது.

"முருகேசன்! முருகேசன் வூடு எதுங்க? யாருன்னா இருக்கீங்களா?"

அந்தம்மா கத்துகிறார். வீடு வீடாகக் குனிந்து பார்க்கிறார். கொதித்து வழிந்துகொண்டிருந்த ஒரு உலையை இறக்கி வைத்தார். மறுபடியும் கத்துகிறார்.

"முருகேசன்! பயப்படாதீங்க! ஆஸ்பத்திரில இருந்து வந்துருக்கோம்!"

லட்சுமி என் தோளைப் பிடித்து உலுக்குகிறாள்.

"பொம்பள அண்ணா! ஆஸ்பத்திரிக்காரங்க! சொல்றாங்க பாரு! வுடு, நான் போறேன்!"

"சும்மா இரு! காக்கிய பாக்கல நீ? இட்டுக்கினு வந்துருக்கா!"

அந்த ஆள் டிரைவர். அரசாங்க ஜீப் டிரைவர் காக்கிதான் போடுவார். இது எனக்குத் தெரியாததா? ஆனால் புதருக்குள் படுத்திருக்கிறவனுக்குச் சட்டைக்குள் யார் என்று யோசிக்கத் தோன்றவில்லை. லட்சுமியின் மணிக்கட்டை இடக்கையால் அழுத்திப் பிடித்தேன். மறுநாள் அங்கே என் விரல் பதிந்த இடம் கன்றிப்போயிருந்தது.

கோவிந்தன் முனகினான். பெயர் காதில் விழுந்திருக்க வேண்டும். முருகேசன் தான்தான் என்பது அவனுக்குத் தெரியும். வாயைத் திறந்து, "இங்க..." என்றான். அவன் வாயைப் பொத்தினேன். அவன் திமிறவில்லை. திமிறத் தெம்பில்லை. வீங்கிய கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். உள்ளங்கையில் அவன் மூச்சு சூடாகப் பட்டது. கெட்ட வாடை. அழுகல் வாடை.

முப்பத்தைந்து நிமிஷம். பதினொன்றேகால் மணிக்கு ஜீப் கிளம்பியது. மூன்று தடவை ஹாரன் அடித்தார்கள். போலீஸ் எங்கள் ஊரை விட்டுப் போகும்போது ஹாரன் அடித்ததில்லை.

லட்சுமி அழவில்லை. புருஷன் முகத்தைத் துடைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து நானே ஒத்துக்கொண்டேன். கீழே தூக்கிக்கொண்டு போகலாம் என்றேன். காவலூர் வரைக்கும் தூக்கினோம். பஸ் போய்விட்டிருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய மச்சினன் ஒருவன் போனை எடுத்தான். பெயர் கேட்பார்கள், ஊர் கேட்பார்கள் என்று அவன் தயங்கினான். நான் "பண்ணுடா" என்று கத்தினேன். அதற்குள் கோவிந்தனுக்கு வலிப்பு வந்தது. ரோட்டோரம் படுக்க வைத்தோம். கை கால் இழுத்தது. நின்றது. நெஞ்சில் காது வைத்தேன். இரண்டு துடிப்பு. ஒரு இடைவெளி. ஒரு துடிப்பு. மணி இரண்டு பத்து. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அன்றைக்கே ஊருக்குத் தூக்கிப்போய்ப் புதைத்தோம். எங்கும் எழுதிவைக்கவில்லை.

இருபதாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று இப்போதும் சரியாகத் தெரியாது. திட்டு வாங்கத்தான் என்று நினைக்கிறேன். டாக்டர் இல்லை. நர்ஸம்மா இருந்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. ஓடி வந்தார்.

"முருகேசன் எங்கப்பா? எப்டி இருக்காரு?"

"செத்துட்டாருங்க."

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். அவர்தான் எல்லாம் சொன்னார். தொடைச் சதை அடியில் நைந்து, அந்த நஞ்சு சிறுநீரகத்தை அடைத்துவிட்டதாம். மூத்திர நிறத்தைச் சொல்லியிருந்தால் ரிசல்ட் வருவதற்கு முன்பே அப்படியே வேலூருக்கு அனுப்பியிருப்பார்களாம். டயாலிசிஸுக்கு டாக்டர் அங்கே போன் போட்டுச் சொல்லி வைத்திருந்தாராம். புதன்கிழமை காலையில் டாக்டர் அவசரமாகச் செய்யப் போனது அந்தப் போன்தான். வலி மாத்திரை கொடுத்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது சிறுநீரகத்தை இன்னும் கெடுக்குமாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் கொடுத்த நம்பருக்குப் பதினோரு தடவை கூப்பிட்டார்களாம். யாரோ ஆரணிக்காரர் எடுத்துத் திட்டினாராம். கண்ணமங்கலம் பக்கம் ஆள் விட்டு விசாரித்தார்களாம். கடைசியில் அந்த வாட்ச்மேன்தான், காவலூர் பஸ்ஸில் ஏறினதைப் பார்த்தேன் என்று சொன்னானாம். அவனே கண்டக்டரைத் தேடிப் பிடித்து, எங்கே இறங்கி எந்தப் பாதையில் போனார்கள் என்று கேட்டுச் சொன்னானாம். எங்களைப் பார்த்துச் சிரித்தானே, அவன்தான்.

"படுக்க வெச்சு கூட்டிம் வர்றதுக்கு ஜீப்புல பின்சீட்ட கழட்டிட்டு மெத்த போட்டுக்கினு வந்தோம். ஊர்ல ஒரு ஈ காக்கா இல்ல. தொண்ட கட்டற வரைக்கும் கத்தினேன். நீங்கள்லாம் எங்கப்பா போயிருந்தீங்க?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். எதிரில் உட்கார்ந்து அழுகிற ஒரு அம்மா. விலங்கும் இல்லை, காக்கியும் இல்லை.

"வேலைக்கு போயிருந்தோம்ங்க" என்றேன்.

நம்பிவிட்டார். "பாவம், உங்க கஷ்டம் உங்களுக்கு" என்று என் கையைப் பிடித்தார். வலக்கை. உருவிக்கொள்ளத் தோன்றியது. முடியவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். அம்மா, நாங்கள் வேலைக்குப் போகவில்லை. நீங்கள் நின்ற இடத்திலிருந்து நூறு அடியில் மூன்று பேர் படுத்திருந்தோம். நீங்கள் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் கேட்டது. எங்களை இப்படி ஆக்கியவர்கள் உண்டு. அடித்தவர்கள் உண்டு, மூக்கைப் பொத்தியவர்கள் உண்டு, ஒருவனைப் பார்த்து ஒரு மலையையே திருடன் என்றவர்கள் உண்டு. அவர்கள் பதில் சொல்லட்டும். ஆனால் நான் சொல்ல வேண்டியதை அவர்கள் தலையில் கட்ட எனக்கு வாய் வரவில்லை.

அந்தத் தகரம் தட்டிய பிறகு எங்கள் ஊரில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு ஓடிய பிள்ளைத்தாய்ச்சி ஐந்தாம் நாள் வீட்டிலேயே பெற்றாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆண்கள் யாரும் துணியவில்லை. பிள்ளை அழவில்லை. இருமுகிற கிழவர் சளியில் ரத்தம் வந்ததை யாரிடமும் காட்டாமல் சித்திரையில் செத்தார்.

கணக்கு இது.

போனவர்கள் ஐந்து பேர். சிறையில் மூன்று பேர். திரும்பி வந்தவர்கள் இரண்டு பேர். உயிரோடு இருப்பவன் நான்.

ஓடியவர்களில் செத்தது கிழவர் ஒருவர். பெயர் வைக்காத குழந்தை ஒன்று.

தகப்பன் இல்லாத பிள்ளைகள் இரண்டு. மூத்தவளுக்கு ஏழு வயது. சின்னவனுக்கு நான்கு.

என்னோடு பேசாத தங்கை ஒருத்தி.

கோவிந்தன், காளியின் மகன், வயது முப்பத்து நான்கு. அவனைக் குண்டு தொடவில்லை. தடி பாதி கொன்றது. "இங்க" என்று சொல்ல வந்தவன் வாயைப் பொத்தியது என் வலக்கை.